சிறுதொழில்: எதை விற்பது, யாருக்கு விற்பது?

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் சகோதரர்கள் சிலர், சேமிப்பு முழுவதையும் போட்டுப் பக்கத்துக் கடையைப் போலவே இன்னொரு கடை திறக்கிறார்கள். விலையைக் குறைத்துத்தான் போட்டியிட முடியும் என்பதால், முதலே கரைந்துவிடுகிறது.

நெல்லை மாவட்டம் பத்தமடையைப் பாருங்கள். கோரைப்பாய் பல ஊர்களில் நெய்யப்படுகிறது. ஆனால் பத்தமடையில் நம் சமுதாய நெசவாளர்கள் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, துணிபோல் மடிக்கக்கூடிய பாய் நெய்தார்கள். திருமணத்திற்கு மணமக்கள் பெயர் பதித்த பாய் வேண்டுவோர் அவர்களைத் தேடி வருகிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

தொழில் தொடங்குமுன் நாம் கேட்க வேண்டியவை மூன்று:

1. நமக்கு நன்றாகத் தெரிந்த வேலை எது?
2. அதை யார், எப்போது, என்ன விலைக்கு வாங்குவார்?
3. அவர் மீண்டும் வருவாரா, அல்லது பிறரை அனுப்புவாரா?

ஒன்றை மறக்கக் கூடாது. குறுகிய சந்தையில் வாங்குவோரும் குறைவு. நேர்த்தியான பாய் நெய்யப் பல நாள் ஆகும். அந்தக் கூலியைச் சேர்க்காமல் விலை வைத்தால் நஷ்டமே. ஆகவே வட்டிக் கடன் பக்கம் போகாமல், முதலில் வீட்டிலிருந்தே பத்துப் பேருக்கு விற்றுப் பார்ப்போம். கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.