கரும்புக்கு வேக்ஸ் போட்டது யார்?

ஜேடர்பாளையம் பக்கம் போனால், கரும்பை ஒடித்துக் கடிப்பதற்கு முன்னால் அரை நிமிஷம் அதை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கணுவுக்கும் கீழே மாவு பூசின மாதிரி வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். கட்டை விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். 'ஐயோ, பூச்சி மருந்தோ!' என்று பயப்பட வேண்டாம். அது மெழுகு. கரும்பு தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேக்ஸ்!

17-ம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயக்கர் காவிரியின் குறுக்கே அணை கட்டி, ராஜவாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்ட ஊர் இது. சுற்றிலும் கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். வாழை இலையைத் திருப்பி அடிப்பக்கம் தடவிப் பாருங்கள்... அங்கேயும் அதே வெள்ளை மெழுகு. உள்ளே இருக்கிற ஈரம் வெயிலில் பறந்துவிடக் கூடாது. மேலே விழுகிற தண்ணீர் உருண்டு ஓடிவிட வேண்டும். அதற்காகச் செடிகள் கண்டுபிடித்த ஏற்பாடு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதுசாகக் கார் வாங்கின நண்பர்கள் பலர் கேட்கிற கேள்வி ஒன்று: ''வேக்ஸ் போடறதா, சீலன்ட் போடறதா?''

(சீலன்ட் என்றதும் தண்ணீர்த் தொட்டி ஓட்டையை அடைக்கிற பசை என்று நினைத்துவிடாதீர்கள். வேக்ஸ் மாதிரியே பெயின்ட் மேல் தடவித் துடைக்கிற சமாசாரம்தான். மெழுகுக்குப் பதிலாகச் செயற்கை வேதிப்பொருள். அவ்வளவே.)

பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு குட்டி சரித்திரம்.

உயர்ந்த கார் வேக்ஸ் எல்லாவற்றிலும் அடிபடுகிற பெயர் கார்னோபா. இது ஒரு பனை! நம்மூர்ப் பனைக்குத் தூரத்துச் சொந்தம். விசிறி மாதிரியே ஓலை. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி மாநிலங்களில் வளர்கிறது. வறட்சியைச் சமாளிக்க ஓலை மேல் கெட்டியாக மெழுகு பூசிக்கொள்ளும். ஓலையை வெட்டிக் காயவைத்து, அடித்து உதிர்த்து, உருக்கி எடுக்கிறார்கள். தேன்மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகிவிடும். கார்னோபா 80 டிகிரியைத் தாண்டின பிறகுதான் இளகும். நம்மூர் சித்திரை வெயிலில் கறுப்புக் கார் பானெட் மேல் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்!

ஆரம்ப காலத்து மோட்டார் கார்களுக்குக் குதிரை வண்டிக்கு அடிக்கிற வார்னிஷையே அடித்தார்கள். பிரஷ்ஷால் ஒரு கோட், காயவைத்து, தேய்த்து, மறுபடி ஒரு கோட்... வாரக்கணக்கில் இழுக்கும். ஃபோர்டு தொழிற்சாலையிலோ கார்கள் மளமளவென்று வந்துகொண்டிருந்தன. பெயின்ட் காயும் வரை யார் காத்திருப்பது? சூட்டில் காயவைக்கிற எனாமல் வந்தது. 1914-லிருந்து 1925 வரை ஃபோர்டின் 'மாடல் டி' காருக்குக் கறுப்பு ஒன்றே நிறம்.

இந்தச் சிக்கலை உடைத்தது ஒரு வெடிமருந்துச் சரக்கு! துப்பாக்கி மருந்தில் பயன்பட்ட நைட்ரோசெல்லுலோஸிலிருந்து அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி ஒரு பெயின்ட் தயாரித்தது. பெயர் 'டூகோ'. 1924-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார், இந்தப் பெயின்ட் அடித்து நீல நிறத்தில் வந்து நின்றது. வாரக்கணக்கில் காய்ந்தது மணிக்கணக்கில் காய்ந்தது. இன்றைக்கும் நம்மூர்ப் பட்டறைகளில் 'டூகோ பெயின்டிங்' என்ற பேச்சு புழங்குகிறதே, அதன் பூர்வீகம் இதுதான்.

ஆனால், அந்தக் காலத்துப் பெயின்ட்களில் ஒரு குறை. நிறம் மேலாகவே இருந்தது. வெயிலும் காற்றும் பட்டு மேல்தோல் செத்து, சாக்பீஸ் மாதிரி வெளுக்கும். துணியால் துடைத்தால் துணியெல்லாம் கலர்! பழைய அம்பாஸடர் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். செத்த தோலைத் தேய்த்து எடுத்து, மேலே மெழுகு பூசினால்தான் பழைய களை திரும்பும். அமெரிக்காவில் 'சைமனைஸ்' என்ற மெழுகு எவ்வளவு பிரபலமானது என்றால், காருக்கு மெழுகு போடுவதற்கே அது வினைச்சொல்லாகி அகராதியில் ஏறிவிட்டது.

1943-ல் அமெரிக்காவில் சிலிக்கோன் தயாரிக்கவே ஒரு தனிக் கம்பெனி பிறந்தது. அந்தச் சரக்கு மெல்ல கார் பாலீஷுக்குள்ளும் நுழைந்தது. 1980-களில் காரின் பெயின்ட்டே மாறிப்போனது. அடியில் நிறம், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு 'கிளியர் கோட்'. இப்போது நிறம் வெளுத்துத் துணியில் ஒட்டுவதில்லை. பாதுகாக்க வேண்டியது மேலே இருக்கிற அந்தக் கண்ணாடித் தோலைத்தான். கனம் 40, 50 மைக்ரான் இருக்கும். ஒரு தலைமுடி கனம்கூடத் தேறாது! அடிக்கடி 'ரப்பிங்' போட்டுத் தேய்த்தால் அந்தத் தோல் தேய்ந்துகொண்டே போகும். போனது போனதுதான். அதனால்தான் ஒருமுறை பூசினால் நாலைந்து மாதம் தாங்குகிற சீலன்ட்டுக்கு மவுசு வந்தது. மெழுகு சில வாரங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம்.

அப்படியானால் சீலன்ட்தானே ஜெயிக்கிறது? அவசரப்படாதீர்கள். இப்போது நாமக்கல்லுக்கு வருவோம்.

லாரிக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல்லுக்கு நாடெங்கும் பெயர். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸ் வரும். இங்கே கேபின் கட்டி, பாடி கட்டி, பெயின்ட் அடித்துப் பொட்டு வைத்து அனுப்புவார்கள். லாரிக்கு எஃப்.சி. என்று ஒரு பரீட்சை உண்டு. 2018-ல் மாற்றிய விதிப்படி, எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை; அதற்கு மேல் வருஷா வருஷம். எஃப்.சி. வந்தால் டிங்கரிங், பட்டி, புதுப் பெயின்ட். தவணை கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவருக்கு இது அலங்காரம் அல்ல. கேபின் தகரம் துரு தின்னாமல் இருந்தால்தான் வண்டி ஓடும், அடுப்பு எரியும்.

வில்லங்கம் இங்கேதான். சிலிக்கோன் கலந்த சரக்கு பூசின வண்டியை மறுபடி பெயின்ட்டுக்கு விட்டால், துளி மிச்சம் இருந்தால்கூடப் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாது. விலகி விலகிக் குழிகுழியாக நிற்கும். உலகம் முழுக்கப் பெயின்டர்கள் இதற்கு வைத்த பெயர் 'மீன் கண்'. ''ஏனுங்கண்ணா, வண்டிக்கு என்னத்தைப் பூசித் தொலைச்சீங்க?'' என்று பெயின்டர் தலையில் கை வைத்துவிடுவார். முழுக்கத் தேய்த்து எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கூலியும் போச்சு, நாளும் போச்சு. மெழுகு அப்படி முரண்டு பிடிக்காது. கரைப்பான் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

ஆக, 'எது உசத்தி' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'இந்தப் பெயின்ட் எத்தனை நாள் இருக்கப் போகிறது' என்று கேட்டால் பதில் தானாக வரும். அடுத்த எஃப்.சி.க்கு மறுபடி பெயின்ட் காணப்போகிற லாரி, பட்டறையில் முழுக்கப் பெயின்ட் அடித்த பழைய கார்... இவற்றுக்கு மெழுகு. பத்து வருஷம் அதே பெயின்ட்டோடு ஓடப்போகிற, கிளியர் கோட் போட்ட புதுக் காருக்கு சீலன்ட். இரண்டுமே ஆணியால் கிழிக்கிற கீறலைத் தடுக்காது. கழுவுகிற வேலையையும் குறைக்காது. போர்த் தண்ணீர் உப்பு என்றால், கழுவினவுடன் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அழகாக முத்து முத்தாக நின்ற நீர், வெயிலில் காய்ந்து வெள்ளை வட்டமாகத் தங்கிவிடும்.

தமிழில் 'மெழுகு' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? தேனடையிலிருந்து எடுக்கிற பொருளும் மெழுகு. சாணத்தால் தரையைப் பூசுவதும் மெழுகுவது. கணவனை இழந்த பெண் ஒருத்தி சிறு இடத்தை மெழுகுகிற காட்சி புறநானூற்றிலேயே இருக்கிறது. சாணம் மெழுகின தரை நாளானால் பெயரும். வெள்ளிக்கிழமை வந்தால் பாட்டி மறுபடி மெழுகுவாள். அப்புறம் சிமென்ட் தரை வந்தது. 'இனி மெழுக வேண்டாம்' என்றார்கள். நிஜம்தான். ஆனால் விரிசல் விட்டால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது!