ஒரே நீராவி, இரண்டு ஊதிகள்

உப்புக்கரைசலிலிருந்து எழும் ஆவியை அழுத்தி, அதே கலத்தைச் சூடாக்கத் திருப்பி அனுப்பும் ஊதி ஒன்று. தண்ணீரையே குளிர்பொருளாகக் கொண்ட சில்லரின் ஊதி மற்றொன்று. ஒன்று 100 டிகிரியில் கொதிக்க வைக்கிறது. மற்றது 5 டிகிரிக்குக் குளிர வைக்கிறது. உற்றுப் பார்த்தால் இரண்டுமே கொதிக்கத்தான் வைக்கின்றன. 5 டிகிரியில் தண்ணீர் கொதிக்க, அழுத்தம் வளிமண்டலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவதற்கு வயது அதிகம். 1870-களிலேயே சுவிட்சர்லாந்தின் பெக்ஸ் உப்பாலையில் இம்முறை தலைகாட்டியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்குக் குடிநீர் தந்தது. ஆவியை 8 டிகிரி உயர்த்த அதற்கு 1.3 மடங்கு அழுத்தம் போதும். சில்லர் 5 டிகிரியிலிருந்து 35-க்கு ஏற வேண்டும்: ஆறு மடங்குக்கு மேல்.

கனஅளவில்தான் உண்மையான இடைவெளி. 100 டிகிரியில் ஒரு கிலோ ஆவி 1.67 கனமீட்டர், 5 டிகிரியில் 147. அங்கே கைக்கடக்கமான இம்பெல்லர் (ஊதியின் சுழல்சக்கரம்) செய்யும் வேலைக்கு இங்கே அகன்ற வாய் தேவை.

வேகத்தில் இரண்டும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. நீராவியின் மூலக்கூறு காற்றைவிட இலேசு. காற்றுக்குப் போதுமான வேகத்தில் சுழற்றினால் ஆவி அதே அளவு அழுந்தாது. கால் பங்குக்கும் சற்று மேலாகக் கூட்டியாக வேண்டும். எட்டே டிகிரிக்கும் இம்பெல்லரின் விளிம்பு நொடிக்கு 300 மீட்டரைத் தொடலாம். அதனால்தான் டைட்டானியமும் அதிவேக மோட்டாரும். அழுத்திய ஆவி தேவைக்கு மேல் சூடேறுவதும் பொதுவான தலைவலி. மருந்தும் ஒன்றே: தண்ணீர்த் தூவல். ஆனால் துளி பெரிதானால் அதுவே இம்பெல்லரை அரிக்கும்.

மோட்டாரில் மட்டும் பாதை பிரிகிறது. சூடான ஊதியில் அதை ஆவிக்கு வெளியே ஒதுக்கி, தண்டில் சீல் போடுவார்கள். சில்லரிலோ அந்த சீல் வழியே காற்று நுழையும் என்பதால் மோட்டாரை உள்ளேயே அடைக்கத் தோன்றும். ஆனால் அங்கே மோட்டாரைக் குளிர்விக்கப் போதிய வாயு இல்லை, தாழ்ந்த அழுத்தத்தில் சுருள்களுக்கிடையே மின்பொறி எளிதில் தாவும். கடினமான கணக்கு சில்லருடையது என்பேன். பராமரிப்பில் தொல்லை தருவதோ உப்பாலையுடையது: ஆவியோடு ஏறிவந்த கரைசல் துளி இம்பெல்லரில் காய்ந்து உப்பாகப் படிந்தாலே சமநிலை குலைந்து பேரிங் அதிரத் தொடங்கிவிடும்.