பிடிக்கிறவர்களின் வரலாறு

கபடியில் பாடிப் போகிறவனுக்குத்தான் கைதட்டல். எங்கள் இலங்கைத்துறைப் பக்கமும் அப்படித்தான். ஆனால் வரலாற்றில் ஆகச் சிறந்த பிடிவரிசை எது?

சிலர் 2015இல் புரோ கபடி வென்ற யூ மும்பா என்பார்கள். மோஹித் சில்லார், சுரேந்தர் நாடா, தமிழகத்து ஜீவா குமார் நின்ற அணி. சிலர் 2016 ஜூலையில் வென்ற பட்னா என்பார்கள். தலைவர் தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன், 40 வயதைத் தாண்டியவர்.

எங்கள் தெரிவு 2018 ஜகார்த்தா ஈரான். 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஏழு தடவையும் தங்கம் வென்றது இந்தியா. அதை அரையிறுதியில் 27-18 என வீழ்த்தினார்கள். அஜய் தாகூர் போன்றவர்கள் பாடிப் போயும் 40 நிமிடத்தில் 18 புள்ளிதான். பிறகு தங்கமும் ஈரானுக்கே.

ஃபசல் அத்ராசலி போன்ற மூலைக்காரர் கால் பிடித்தால் மட்டும் போதாது. பக்கத்தில் நிற்பவர்கள் அதே கணம் வந்து மூடவேண்டும். பிந்தினால் பாடியவன் கோட்டைத் தொட்டுவிடுவான், பிடித்தவர் வெளியே.

புள்ளி ஒருவர் பெயரில்தான் விழும், பிடி எல்லோருடையது. அடுத்த முறை பாடசாலை அணி தெரியும்போது, மூலையில் நிற்கிற பிள்ளையின் பெயரையும் சத்தமாகச் சொல்வோம்.

உங்கள் தெரிவு எது? சொல்லுங்கள்.