சொல்தா வீடும் சட்டமன்ற நாற்காலியும்

பிரெஞ்சுப் படையில் இருந்தவரைப் புதுச்சேரிப் பக்கம் ‘சொல்தா’ என்பார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் (உள்ளாட்சிப் பகுதிகளின்) அரசியல் வரலாற்றை எழுதப் புகுந்தால் ஒரு கேள்வி எழுகிறது. ராணுவத்திலிருந்து வந்து தேர்தலில் நின்று பெயர் வாங்கியவர்கள் இந்தியாவின் பிற மாநிலங்களில் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய நம் மண்ணில் அப்படி ஒரு பெயர் ஏன் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை?

அரசியலுக்கு ஆள் பஞ்சம் இருந்ததில்லை. 1880இல் பிரெஞ்சு அரசு கொம்யூன்களை ஏற்படுத்தியது முதல் மேயர் பதவிக்குப் போட்டியும் அடிதடியும் இங்கே சகஜம். 1954இல் அந்த மேயர்கள்தான் ஆட்டத்தையே மாற்றினார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு 1951இல் தேர்வாகி, அதுவரை பிரெஞ்சுப் பக்கம் நின்ற எதுவார் குபேர், 1954 மார்ச் மாதம் அணி மாறி நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றினார். அக்டோபர் 18 அன்று வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1963இல் குபேரே முதல் முதலமைச்சரானார். கொள்கை உறுதிக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்ல மாட்டேன். காற்றின் திசை அறிந்தவர் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அதே 1954இல்தான் இந்தோசீனப் போரில் பிரெஞ்சுப் படைத்தளமான தியன் பியன் பூ வீழ்ந்தது. இந்தோசீனாவில் பிரெஞ்சுச் சீருடையோடு புதுச்சேரிக்காரர்கள் இருந்த காலம். ஊரில் மேயர் ஒரு கொடியை இறக்க, ஊர்ப்பிள்ளை கடலுக்கு அப்பால் அதே கொடிக்குக் காவல் நின்றிருக்கிறான். இதில் யாரையும் துரோகி என்பதற்கில்லை. இருவருக்குமே குடும்பம் இருந்தது.

பாதை பிரிந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. இந்தியாவும் பிரான்சும் 1956இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியாவுக்கு வெளியே வசித்தவர்களுக்கு நேர்மாறு: பேசாமல் இருந்தாலே அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். படையில் இருந்தவர் பலருக்கும் அந்தக் குடியுரிமையே வாய்த்தது, அல்லது அதையே விரும்பினார்கள். பென்ஷனும் பிள்ளைகளின் படிப்பும் அந்தப் பக்கம் இருந்தன. அரசியல் சாசனமோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆக, பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருந்த சொல்தா வில்லியனூர்த் தொகுதியில் நிற்க முடியாது, வாக்களிக்கவும் முடியாது. அவர் வீட்டார் 2012 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு, வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான தொகுதியில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு எம்.எல்.ஏ., அடுத்த வீட்டுக்குப் பாரிஸ் உறுப்பினர்!

ராணுவத்தார் புதுச்சேரி ஆட்சியில் அமரவில்லையா என்றால், அமர்ந்தார்கள், வேறு வழியாக. 1965 போரில் ஹாஜி பீர் கணவாயைப் பிடித்து மகாவீர் சக்கரம் பெற்ற ரஞ்சித் சிங் தயாள் 1988 முதல் 1990 வரை இங்கே துணைநிலை ஆளுநர். 2004இல் அதே பதவிக்கு வந்த லக்கேராவும் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்தவரே. இருவரையும் அனுப்பியது டெல்லி, வாக்குச்சீட்டு அல்ல.

மேயர்களின் பெயர்கள் ஆவணங்களில் கிடைக்கின்றன. கீழூரில் நினைவிடமும் இருக்கிறது, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கொடியும் ஏறுகிறது. கிராமத்துச் சொல்தாக்களின் கதையோ பெரும்பாலும் வீட்டுப் பெட்டிகளில்தான் கிடக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவின் படைச் சேவைப் புத்தகமோ, பதக்கமோ, சைகோனிலிருந்து வந்த கடிதமோ இருந்தால், கரையான் அரிக்கும் முன் ஒரு நகல் எடுத்து உங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த மலரை அவற்றை வைத்து எழுதலாம்.