தண்ணீரின் பாரம்: கண்ணாடி மீன்தொட்டிகளின் கதை

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி வெள்ளிக்கிழமை. பேர்லின் நகரில் இன்னமும் பொழுது விடியவில்லை. அங்குள்ள ஹோட்டல் ஒன்றின் முன்மண்டபத்தில் நின்ற 14 மீற்றர் உயரமான உருளை வடிவ மீன்தொட்டி வெடித்துச் சிதறியது. பத்து இலட்சம் லீற்றர் உப்புநீர், அதாவது ஆயிரம் தொன்னுக்கும் மேற்பட்ட பாரம், கதவுகளையும் தளபாடங்களையும் அள்ளிக்கொண்டு வீதியில் பாய்ந்தது. தொட்டியிலிருந்த ஏறத்தாழ 1,500 மீன்களில் அநேகமாக அனைத்தும் மடிந்தன. இருவர் காயமடைந்தனர். 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்த ‘அக்குவாடோம்’, தனித்து நிற்கும் உருளைத் தொட்டிகளில் உலகிலேயே பெரியது என்ற பெருமையைச் சுமந்திருந்தது.

ஒரு மணி நேரம் தாமதமாக நிகழ்ந்திருந்தால் பெரும் மனிதச் சேதம் ஏற்பட்டிருக்கும் என்று அப்போதைய நகர மேயர் கூறியிருந்தார். மண்டபத்தில் சிறுவர்கள் நின்று மீன்களை அண்ணாந்து பார்க்கும் இடம் அது. அடுத்த ஆண்டு வெளிவந்த நிபுணர் அறிக்கை, காரணம் இதுதான் என அறுதியிட்டுக் கூற இயலவில்லை என்றது. ஒட்டுப் பொருத்து ஒன்று விட்டிருக்கலாம். திருத்த வேலையின்போது அடிப்பகுதியில் விழுந்த வடு ஒன்று விரிசலாகியிருக்கலாம். தண்ணீர் வடிக்கப்பட்டிருந்த காலத்தில் அக்ரிலிக் சுவர் காய்ந்து, மீண்டும் நனைந்தபோது வெடிப்புக் கண்டிருக்கலாம். இம்மூன்றில் எது என்பது தெரியாமலே கோப்பு மூடப்பட்டது.

அது கண்ணாடித் தொட்டி அல்லவே, அக்ரிலிக்தானே என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அந்த அறிக்கையை வாசித்தபோது என் கவனத்தை ஈர்த்தது வேறு விடயம். பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவது சுவரும் மீனும். நிபுணர்கள் தேடிச் சென்றது பொருத்தையும் அடியையும். மீன்தொட்டியின் வரலாறு நெடுகிலும் இதே கதைதான்.

கதையைத் தொடக்கி வைத்தவர் ஒரு பெண்மணி. பரிஸ் நகரில் தையற் கலைஞராக இருந்து, திருமணமாகி இத்தாலியின் சிசிலித் தீவுக்குச் சென்ற ஜான் வில்பிறோ-பவர், 1832ஆம் ஆண்டில் மெசினா நகரில் கடலுயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்தார். ஆர்கொனோட் எனப்படும் கணவாய் இன உயிரி தன் ஓட்டைத் தானே ஆக்கிக்கொள்கிறது, பிறிதோர் உயிரிடம் திருடுவதில்லை என்பதை நிரூபித்தவர் அவரே. லண்டனிலோ அன்னா தைன் என்ற பாதிரியாரின் மனைவி, 1846இல் டோர்க்கி கடற்கரையிலிருந்து பவளவுயிர்களை ஒரு சாடியில் கொண்டுவந்து வீட்டிலேயே வளர்த்தார். தண்ணீருக்குக் காற்றூட்டும் இயந்திரம் எதுவும் அப்போது இல்லை. அவரது பணிப்பெண் யன்னலோரத்தில் நின்று தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தாராம். வரலாறு அந்தப் பணிப்பெண்ணின் பெயரைப் பதிவு செய்யவில்லை.

அதே லண்டனில் நத்தானியேல் வார்ட் என்ற மருத்துவர் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் நீண்டகாலம் வாழ்வதைக் கண்டறிந்திருந்தார். ‘வார்டியன் பெட்டி’ எனப் பெயர்பெற்ற இப்பெட்டிக்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டு. 1861இல் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டது சிங்கோனா பயிர்ச்செய்கைக்காகவே. அந்தச் சிங்கோனாக் கன்றுகள் கடல்கடந்து உயிருடன் வந்து சேர இத்தகைய பெட்டிகளே உதவின. செடிகளுக்கான கண்ணாடிப் பெட்டியில் தண்ணீரை நிரப்பினால் அதுவே மீன்தொட்டி. றொபேர்ட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர், மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி ஒரே தொட்டியில் வாழ முடியும் என்பதை 1850இல் எழுதி வெளியிட்டார்.

பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டிருந்தமையால் விலையும் சரிந்திருந்தது. 1853 மே மாதம் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிச் சாலையில் உலகின் முதலாவது பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் ‘அக்குவாரியம்’ என்ற சொல்லையே வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. சனங்கள் கடற்கரைப் பாறைகளை மொய்த்தனர். அவரது மகன் எட்மண்ட் கொஸ், தந்தையின் நூல்கள் கிளப்பிய மோகத்தால் கரையோரக் குளங்கள் சூறையாடப்பட்டதைப் பிற்காலத்தில் வருத்தத்துடன் எழுதினார்.

அக்காலத் தொட்டி எப்படியிருந்தது? அடியில் சிலேட்டுக் கல். நான்கு மூலையிலும் இரும்புச் சட்டம். இடையில் கண்ணாடி. பொருத்துக்களில் ஈயச் செந்தூரம் கலந்த புட்டி. உப்புநீர் இரும்பை அரித்தது. ஈயம் மீன்களைக் கொன்றது. காய்ந்து இறுகிய புட்டி, தொட்டியைச் சற்று நகர்த்தினாலும் பிளந்து ஒழுகியது. ஆனால் இக்குறைகளுக்கிடையே ஒரு நன்மையும் இருந்தது. இரும்புச் சட்டமும் கல்லடியும் பாரத்தைத் தாமே ஏற்றுக்கொண்டன. தொட்டி வைத்த மேசை சிறிது கோணலாயினும் கண்ணாடிக்கு அந்த முறுக்கு முழுமையாகச் செல்லவில்லை.

பணம் படைத்தவர்கள் துணிந்தே செய்தார்கள். நியூயோர்க்கில் காட்சிசாலை நடத்திய பி.ரி. பார்னம், வெண்திமிங்கிலங்களை நகரின் நடுவே காட்டுவதற்கு 24 அடிச் சதுரமான தொட்டியொன்றைக் கட்டுவித்தார். ஓரங்குலத் தடிப்புள்ள கண்ணாடித் தகடுகளைப் பிரான்ஸிலிருந்து தருவித்ததாகவும், அதற்கு 4,000 டொலர் செலவானதாகவும் அவரே எழுதியிருக்கிறார். துறைமுகத்திலிருந்து வீதிக்கடியால் குழாய் பதித்து நீராவி இயந்திரத்தால் கடல்நீரை உள்ளே இழுத்தார். 1865 ஜுலை 13ஆம் திகதி அந்தக் கட்டடம் முழுதும் எரிந்தழிந்தது. தொட்டிக்குள் இருந்த திமிங்கிலங்களும் அத்தீயில் மாண்டன.

பின்னர் வந்த பெரிய காட்சியகங்கள் இவ்விடயத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டன. லண்டன் கிறிஸ்டல் பலஸில் 1871இல் திறந்த மீன்காட்சியகத்தை அமைத்த டபிள்யூ. ஏ. லொயிட், காட்சித் தொட்டிகளில் இருந்த தண்ணீரைவிடப் பல மடங்கு தண்ணீரை நிலத்தடியில், இருளில், சேமித்து வைத்துச் சுழலவிட்டார். பாரத்தின் பெரும்பங்கு பூமியிடமே ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திறந்த பிரைட்டன் காட்சியகத்தின் நூறடிக்கும் மேல் நீண்ட பெருந்தொட்டியும் தரையோடு கட்டப்பட்டதே.

நம் வீடுகளில் இன்று காணும் தொட்டி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்தது. 1959இல் பில்கிங்டன் நிறுவனம் உருகிய தகரத்தின் மீது மிதக்கவிட்டுக் கண்ணாடி வார்க்கும் முறையை அறிவித்தது. தட்டையான, தெளிவான, மலிவான தகடுகள் கிடைத்தன. 1960களில் சிலிக்கோன் பசை வந்தது. காயும்போது வினாகிரி மணம் வீசும் அந்தப் பசை இரும்புச் சட்டத்தைத் தேவையற்றதாக்கியது. கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டினால் போதும். துருவும் போயிற்று, ஈயமும் போயிற்று. கூடவே கல்லடியும் சட்டமும் செய்துவந்த வேலையும் போயிற்று. அந்த வேலையை இப்போது செய்யவேண்டியது தொட்டிக்குக் கீழே நிற்கும் தாங்கி.

இதன் அளவை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தண்ணீரின் அழுத்தம் தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்ததல்ல, ஆழத்தைப் பொறுத்தது என்று நெதர்லாந்து அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586இலேயே எழுதிவிட்டார். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமான தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் வசதியான வீடுகளில் இன்று சாதாரணமாகக் காணும் அளவு இது. விளிம்பு வரை நிரம்பினால் 680 லீற்றர், அதாவது 680 கிலோ தண்ணீர். 12 மில்லிமீற்றர் கண்ணாடியாயின் அதன் எடை 120 கிலோவுக்கு மேல். மணலும் கல்லும் சேர்ந்தால் மொத்தம் 900 கிலோவை எட்டும். ஒரு சிறிய மோட்டார் காரை வரவேற்பறையில் நிறுத்துவதற்குச் சமம். முன் கண்ணாடியை மட்டும் தண்ணீர் வெளிப்புறமாகத் தள்ளும் விசை ஏறத்தாழ 340 கிலோவின் பாரத்துக்கு ஈடானது. உயரத்தை 2 அடியிலிருந்து 3 அடியாக்கினால் இவ்விசை இரண்டேகால் மடங்காகும். ‘உயரமாக இருந்தால் வடிவாக இருக்கும்’ என்று கடையில் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை.

மேல்மாடியில் வைப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். வீட்டுத் தளங்களுக்குப் பொறியியலாளர் வழக்கமாகக் கணக்கிடும் பயன்பாட்டுச் சுமை ஒரு சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவிலானது. மேற்சொன்ன தொட்டி தன் அடியில் சதுர மீற்றருக்கு 800 கிலோ அளவில் அழுத்துகிறது. சுமை தளம் முழுவதும் பரவும் என்பதால் கொங்கிரீட் தட்டு உடனே இடிந்து விழுந்துவிடாது. ஆயினும் அறையின் நடுவே வைப்பதற்கும், பாரம் தாங்கும் சுவரை ஒட்டி வைப்பதற்கும் பெருத்த வேறுபாடு உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மரத்தளமுள்ள வீடுகளில் வாழும் நம்மவர்கள், தரைப்பலகைக்குக் கீழே விட்டங்கள் ஓடும் திசையை முதலில் அறிந்து, தொட்டி பல விட்டங்களுக்குக் குறுக்கே அமையும்படி வைக்க வேண்டும். ஒரே விட்டத்தின் மீது நீளவாட்டில் வைத்தால் அந்த விட்டமே முழுச் சுமையையும் ஏற்கும். சந்தேகமிருந்தால் பொறியியலாளர் ஒருவருக்குக் கொடுக்கும் கட்டணம், கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுக்க நேரும் நட்டஈட்டைவிடச் சொற்பம்.

தொட்டி செய்து விற்கும் முதியவர் ஒருவரோடு வெள்ளவத்தையில் ஒருநாள் நெடுநேரம் உரையாடினேன். “ஐயா, சனம் தொட்டிக்கு இருபது கடை ஏறி இறங்குது, ஸ்டாண்டை மட்டும் கடைசியிலை சும்மா தா எண்டு கேக்குது” என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை. அவரது கடைக்கு உடைந்து திரும்பிவந்த தொட்டிகளிற் பல நல்ல கண்ணாடியில் செய்தவையே. தாங்கியின் ஒரு மூலை சில மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். அந்த முறுக்கு நாட்கணக்கில் கண்ணாடியில் தங்கி, ஒருநாள் நள்ளிரவில் அடித்தகடு குறுக்காகப் பிளந்துவிடும். சிப்போர்ட் பலகை அலுமாரிகளை அவர் அறவே வெறுத்தார். தண்ணீர் சிந்தினால் அவை ஊதிப் பெருத்துவிடும் என்பதே காரணம். ஒட்டி வெல்ட் செய்த இரும்புச் சட்டம், அல்லது பாரம் நேராகக் கால்களில் இறங்கும்படி இணைத்த வைரமான மரச்சட்டம், இவற்றையே அவர் பரிந்துரைத்தார்.

சட்டமில்லாத முழுக்கண்ணாடித் தொட்டியின் அடித்தகடு முழுவதும் சமதளத்தில் அமர வேண்டும். சிறு மேடுபள்ளங்களை ஏற்றுக்கொள்ள, நாம் ரெஜிபோம் என்று சொல்லும் வெள்ளைத் தகட்டையோ இறப்பர் விரிப்பையோ இடையில் இடுவர். வட அமெரிக்காவில் விற்கப்படும், பிளாஸ்டிக் விளிம்பு பூட்டிய தொட்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் பாரம் விளிம்பின் வழியாக இறங்குகிறது. இடையில் மெத்தை வைத்தால் நடுக்கண்ணாடி மேல்நோக்கி உந்தப்படும். தயாரிப்பாளர் வேண்டாம் என்றால் வைக்கவேண்டாம்.

பழைய தொட்டி வாங்குபவர்கள் சிலிக்கோனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளிம்பு உரிந்தோ, குமிழ் கண்டோ, பாசி உட்புகுந்தோ இருந்தால் விலை எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடலாம். குளியலறைக்கு விற்கும் பூஞ்சணக் கொல்லி கலந்த சிலிக்கோனால் ஒட்டுப்போட்டிருந்தால் மீன்கள் பிழைக்கா. வாங்கியதை வீட்டுக்குள் கொண்டுசெல்லாமல் முற்றத்தில், சமமான அடித்தளத்தில் வைத்து, சில நாட்கள் நிரப்பிப் பார்ப்பது நல்லது. நிரப்பும்போதும் அவசரம் ஆகாது. இரண்டு அங்குலத்தில் நிறுத்தி, நான்கு மூலையிலும் நீர்மட்டத்தை அடிக்கோலால் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் தண்ணீரை வடித்துவிட்டுத் தாங்கியின் கால்களின் கீழ் ஆப்பு வைக்க வேண்டும். நிரம்பிய தொட்டியை நெம்பித் தூக்கித் தொட்டிக்கும் தாங்கிக்கும் இடையில் கடதாசி மட்டையைச் செருகுவதை நானே சில வீடுகளில் கண்டிருக்கிறேன்.

பேர்லினில் சிதறிய உருளையை மீண்டும் கட்டப்போவதில்லை என்று அதன் உரிமையாளர்கள் 2023இல் அறிவித்தனர். கட்டடத்தின் அடித்தளத்திலிருந்த சிறு தொட்டிகளில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான மீன்கள் அன்று உயிர் தப்பின. மின்சாரம் தடைப்பட்டிருந்த நிலையில் அவற்றை வெளியேற்றி, அந்நகர மிருகக்காட்சிச் சாலைக்கும் வேறிடங்களுக்கும் கொண்டு சேர்த்தார்கள்.