ராக் பாடல்களில் ஒலிக்கலவை

ஒலிக்கலவை (மிக்சிங்) என்பது தனித்தனித் தடங்களில் பதிவு செய்யப்பட்ட குரலையும் இசைக்கருவிகளின் ஒலிகளையும் உரிய அளவில் இணைத்து ஒரே பாடலாக ஆக்கும் பணியாகும். ராக் இசையில் மின்கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ் ஆகியன உரத்து ஒலிப்பதால், பாடகரின் சொற்கள் அவற்றுள் மறைந்துவிடாமல் காப்பது இப்பணியின் முதன்மையான சிக்கலாகும். தமிழ்த் திரையிசையில் குரல் முன்னிற்பதே நெடுங்கால மரபு. ராக் இசையிலோ குரல் கருவிகளுள் ஒன்றாகக் கலந்து நிற்பதுண்டு. தமிழ் ராக் பாடல்களில் இவ்விரு மரபுகளும் சந்திக்கின்றன.

தமிழ் இசைப்பதிவில் வளர்ச்சி

தொடக்ககாலப் பேசும் படங்களில் நடிகர்களே படப்பிடிப்பின்போது பாடினர். குரலும் கருவிகளும் ஒன்றாகவே பதிவாயின. ஒலிவாங்கியிலிருந்து ஒவ்வொருவரும் நிற்கும் தொலைவே ஒலியின் சமநிலையைத் தீர்மானித்தது. நந்தகுமார் (1938) திரைப்படத்தில் பின்னணிப் பாடும் முறை தமிழில் அறிமுகமானது. இளையராஜா இசையமைத்த பிரியா (1978) படப் பாடல்கள் இருதட (ஸ்டீரியோ) முறையில் பதிவு செய்யப்பட்டன. இதனால் ஒலிகளை இடப்புறமும் வலப்புறமும் பிரித்து வைக்க முடிந்தது. பின்னர்ப் பல்தடப் பதிவும் கணினியும் பரவியபோது, பாடி முடித்த பின்னரும் ஒவ்வொரு ஒலியையும் தனியே திருத்தும் வசதி கிட்டியது.

ஏ. ஆர். ரகுமானின் பல பாடல்களில் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் எச். சிறீதர் (இறப்பு: 2008) மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் ஆகிய படங்களின் ஒலிப்பதிவுக்காகத் தேசியத் திரைப்பட விருது பெற்றவர். ஆரிசு செயராசு இசையமைத்த வாரணம் ஆயிரம் (2008) படத்தின் "அடியே கொல்லுதே" பாடல், மின்கித்தார் முன்னிற்கும் தமிழ்த் திரைப்பாடல்களுக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

மறைப்பு விளைவு

ஒரே அதிர்வெண் பகுதியில் இரண்டு ஒலிகள் எழும்போது, வலிய ஒலி மெலிய ஒலியைக் கேட்கவொட்டாமல் செய்கிறது. இது மறைப்பு எனப்படும். மாந்தர் செவி ஏறத்தாழ 2 முதல் 5 கிலோ ஏர்ட்சு வரையுள்ள பகுதியில் மிகுந்த உணர்திறன் கொண்டது. மெய்யெழுத்துகளின் தெளிவும் பெரும்பாலும் இப்பகுதியையே சார்ந்துள்ளது. சிதைவூட்டப்பட்ட மின்கித்தாரின் ஆற்றலும் இங்கு மிகுதி. எனவே கித்தார் உரத்து ஒலிக்கும்போது உயிரெழுத்துகள் கேட்டாலும் மெய்யெழுத்துகள் மங்குகின்றன. "பல்லி", "பள்ளி" போன்ற சொற்களின் வேறுபாடு ஒரே மெய்யொலியில் அமைந்துள்ளதால், தமிழில் இம்மங்கல் பொருளையே மாற்றக்கூடும்.

செய்முறைகள்

குரலின் அளவை உயர்த்துவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. அவ்வாறு செய்தால் கருவிகள் பின்வாங்கி, ராக் இசைக்குரிய வேகம் குன்றும். பொதுவாகப் பின்பற்றப்படும் முறைகள்:

* அதிர்வெண் சமன்செய்தல்: கித்தாரில் 2 முதல் 4 கிலோ ஏர்ட்சுப் பகுதியை 2 அல்லது 3 டெசிபெல் குறைத்துக் குரலுக்கு இடம் தருதல், குரலில் ஏறத்தாழ 80 ஏர்ட்சுக்குக் கீழுள்ள இரைச்சலை நீக்குதல்.
* இடம் ஒதுக்குதல்: குரல், பேஸ், டிரம்சின் அடிமுரசு ஆகியவற்றை நடுவில் வைத்து, இருமுறை வாசித்துப் பதிந்த கித்தார்களை இடமும் வலமுமாக விரித்தல்.
* இறுக்கம் (கம்ப்ரசன்): குரலின் உரத்த பகுதிகளை அடக்கி, மெல்லிய பகுதிகளுடன் உள்ள இடைவெளியைக் குறைத்தல். 3:1 அல்லது 4:1 விகிதம் பரவலாகப் பயன்படுகிறது. இக்கருவி மிக விரைவாகச் செயற்பட்டால் வல்லின எழுத்துகளின் அழுத்தம் குறைந்துவிடும்.
* எதிரொலி: குரலுக்கும் எதிரொலிக்கும் இடையே சிறு கால இடைவெளி விட்டால் சொல் தெளிவாக இருக்கும்.
* அளவு மாற்றங்களைப் பதிதல்: வரிக்கு வரி, தேவையெனில் சொல்லுக்குச் சொல், குரலின் அளவைக் கூட்டிக் குறைத்தல்.

பறையும் கித்தாரும்

2018 சனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய "தி காசுட்லசு கலெக்டிவ்" குழு கானா, ராப், ராக் ஆகியவற்றை இணைத்துப் பாடுகிறது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் இக்குழுவைத் தொடங்கினர். பறை, சட்டி, கட்டைமோளம் ஆகியவை கித்தார், டிரம்ஸ் ஆகியவற்றுடன் ஒலிக்கின்றன. பறையின் கூர்மையான அடியும் டிரம்சின் அடியும் ஒரே நொடியில் விழும்போது குரல் எளிதில் மறையும். சாதி ஒடுக்குமுறையை எதிர்க்கும் பாடல்களில் சொல் கேட்காமற்போனால் பாடலின் நோக்கமே கெடும். ஆகவே இத்தகைய இசையில் குரலின் தெளிவு அழகியல் சார்ந்தது மட்டுமன்று.

கேட்கும் இடம்

பாடல் கலவைக்கூடத்தில் கேட்பதுபோல் வெளியில் கேட்பதில்லை. விருதுநகர், சிவகாசி வட்டாரம் உள்ளிட்ட தென்மாவட்டங்களின் கோயில் விழாக்களில் நெடுங்காலம் பயன்பட்ட கூம்பு ஒலிபெருக்கி, தாழ்ந்த அதிர்வெண்களை வெளிப்படுத்தாது. பேஸ் கித்தாரும் அடிமுரசும் ஏறத்தாழ மறைந்து, குரலும் கித்தாருமே எஞ்சும். ஒரே தடமாக ஒலிப்பதால் இடவலப் பிரிவும் இராது. மறைப்பு மீண்டும் தோன்றும். இதனால் கலவையைச் சிறிய ஒலிபெருக்கியிலும், ஒற்றைத் தடத்திலும், குறைந்த ஒலியளவிலும் கேட்டுச் சோதிப்பது வழக்கம். மிகக் குறைந்த ஒலியிலும் சொற்கள் புரிந்தால் சமநிலை சரியாக உள்ளது எனக் கொள்ளலாம்.

செவிப் பாதுகாப்பு

உரத்த ஒலியில் நீண்டநேரம் கலவை செய்தால் செவி களைத்துத் தீர்ப்புப் பிழைக்கும். நாளடைவில் கேட்கும் திறனும் குறையும். 85 டெசிபெல் அளவில் நாளொன்றுக்கு 8 மணி நேரமே பாதுகாப்பான வரம்பு என்று அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகக் குறையும்: 88 டெசிபெலில் 4 மணி, 91 டெசிபெலில் 2 மணி. ஒப்பீட்டுக்கு, சிவகாசியில் செய்யப்படும் வெடிகள் வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெலைத் தாண்டலாகாது என 1999ஆம் ஆண்டின் இந்திய விதி வரையறுத்தது. வெடியின் ஒலி நொடிப்பொழுதில் அடங்கிவிடும். கலவை செய்பவரின் செவியோ மணிக்கணக்கில் ஒலியைத் தாங்குகிறது.

இவற்றையும் பார்க்க

* ஒலிப்பதிவு
* டெசிபெல்
* மின்கித்தார்
* பறை
* கானா