விருதுநகர் வெயிலும் ஒரு மாணவனின் அறை விளக்கும்

1954-ம் வருடம் ஏப்ரல் மாதம் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஏப்ரல் 13-ந் தேதி விருதுநகர்க்காரரான காமராஜர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பதவி ஏற்றார். ஏப்ரல் 25-ந் தேதி அமெரிக்காவின் நியூஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடம், வெயிலை நேரடியாக மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் பேனலை உலகத்துக்குக் காட்டியது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஆனைக்குட்டம் போன்ற ஒரு ஊரில், கரண்ட் போன ராத்திரியில் ஒரு பையனோ பெண்ணோ உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றால், அந்த இரண்டு கதைகளும் அங்கே வந்து சேர்ந்து விடுகின்றன!

பத்தொன்பது வயதில் ஒரு கண்டுபிடிப்பு

சோலார் என்றதும் ஏதோ நேற்று வந்த சமாச்சாரம் என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் அதன் வயது 180 வருடங்களுக்கு மேல். 1839-ல் பிரான்சில் எட்மண்ட் பெக்கரல் என்பவர், தன் அப்பாவின் ஆய்வுக்கூடத்தில், திரவத்தில் மூழ்கிய உலோகத் தகடுகள் மீது வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டாவதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 19. இன்றைக்குக் கல்லூரி முதல் வருடமோ இரண்டாம் வருடமோ படிக்கும் வயது!

1883-ல் அமெரிக்கர் சார்லஸ் ஃபிரிட்ஸ் செலினியத்தை வைத்து ஒரு செல் செய்தார். விழுந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் மின்சாரமானது. அதற்குப் பிறகு எழுபது வருடம் பெரிய முன்னேற்றம் இல்லை. 1954-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் மூவரும் சிலிக்கனைப் பயன்படுத்தி அதை 6 சதவீதமாக உயர்த்தினார்கள். அதைக் காட்ட ஒரு பொம்மை ராட்டினத்தை வெயிலிலேயே சுற்ற வைத்தார்கள்.

ஆனால் விலை? சேப்பின் போட்ட கணக்குப்படி, 1956-ல் ஒரு வாட் தரும் செல்லுக்கு 286 டாலர். ஒரு அமெரிக்க வீட்டுக்கு வேண்டிய அளவு என்றால் 14 லட்சத்து 30 ஆயிரம் டாலர்! வீட்டுக்கு ஆகாது என்று முடிவாகி, சோலார் செல் வானத்துக்குப் போனது. 1958-ல் வான்கார்டு-1 செயற்கைக்கோளில் அது வேலை செய்தது. விண்வெளியில் கம்பம் நட முடியாதே!

கம்பி ஜெயித்த காலம்

அதே சமயத்தில் இங்கே என்ன நடந்தது? காமராஜர் ஆட்சி செய்த ஒன்பது வருடங்களில் பள்ளிக்கூடங்கள் பெருகின. கிராமங்களுக்கு மின்கம்பங்கள் போயின. 1957-ல் மின்சார வாரியம் உருவானது. கிணற்றுக்கு மோட்டார் வந்தது, தெருவுக்கு விளக்கு வந்தது. மற்ற பல மாநிலங்களுக்கு முன்பே தமிழ்நாட்டுக் கிராமங்கள் வெளிச்சம் பெற்றதற்கு அந்தக் கம்பிகள்தான் காரணம்.

இந்தியாவிலும் சோலார் முயற்சி இல்லாமல் இல்லை. 1974-ல் தொடங்கப்பட்ட சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் என்ற அரசு நிறுவனம் 1977-ல் நாட்டின் முதல் சோலார் செல்லையும், 1978-ல் முதல் பேனலையும் தயாரித்தது. ஆனாலும் சாதாரண வீட்டுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது.

வெயிலால் பிழைக்கும் ஊர்

ஆனைக்குட்டம், அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே அணை இருக்கும் ஊர். சிவகாசி பட்டாசு வட்டாரத்துக்குள் வரும் பகுதி. இங்கே மழையை நம்ப முடியாது, வெயிலை நம்பலாம்! திரி காய்வதும், பட்டாசுக் குழாய் காய்வதும், தீக்குச்சி காய்வதும் வெயிலில்தான். மழைக்காலம் வந்தால் வேலை படுத்துவிடும்.

இன்னொரு விஷயம். மருந்து கையாளும் அறைகளில் பொறி கிளம்பினால் போச்சு. அதனால் அங்கே வேலை பகல் வெளிச்சத்தில்தான் நடக்க வேண்டும். பகலெல்லாம் சூரியனே விளக்கு. ராத்திரி?

ராத்திரியைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய கசப்பையும் சொல்லியாக வேண்டும். 1980-களில் இந்தப் பகுதிக் கிராமங்களுக்கு விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்னப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு அதில் ஏறிப் போவார்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்பிய பிள்ளைக்குப் படிப்பு ஏது? சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ந் தேதி உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு தந்தது. வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

பிள்ளைகள் மெல்ல மெல்லப் பள்ளிக்குத் திரும்பினார்கள். அப்படி வந்த தலைமுறைக்கு அடுத்து வந்தவர்கள் பிளஸ் டூ எழுதும் நேரத்தில் பார்த்து, கரண்ட் போனது!

மின்வெட்டு வருடங்கள்

2008-ல் ஆரம்பித்த மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னையைத் தாண்டினால் பல ஊர்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. பரீட்சை நேரத்தில் மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் திரும்பி வந்தன. வசதி உள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகவும் கரண்ட் வேண்டுமே! நாளெல்லாம் கரண்ட் இல்லாவிட்டால் அதுவும் படுத்துவிடும். பெட்டி ஒட்டும் காகிதமும் அட்டையும் வீட்டுக்குள் கிடக்கும் ஊரில், திறந்த தீயைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சமயத்தில்தான் சோலார் விளக்கு தமிழ்நாட்டு ஏழை வீட்டுக்குள் அரசுத் திட்டமாகவே நுழைந்தது. 2011-ல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு, செலவு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் சூரிய சக்தியில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள். கூடம், சமையலறை, கழிப்பறை, வராண்டா, அப்புறம் படுக்கையறை!

சென்னையில் ஒரு மாற்று யோசனை

அதே வருடங்களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் வேறு ஒரு கேள்வி கேட்டார்கள். மின்சாரம் போதவில்லை என்றால் ஊரையே ஏன் இருட்டாக்க வேண்டும்? வீட்டுக்கு வீடு கொஞ்சமாவது கொடுத்தால் என்ன?

அவர்கள் கவனித்தது ஒரு எளிய உண்மை. சோலார் பேனல் தருவது நேர் மின்சாரம், அதாவது டி.சி. பேட்டரி சேமிப்பது டி.சி. எல்.ஈ.டி. விளக்கும் செல்போனும் தின்பதும் டி.சி.தான். அப்படியிருக்க, நடுவில் ஒரு இன்வெர்ட்டர் வைத்து அதை ஏ.சி.யாக மாற்றி, மறுபடி டி.சி.யாக்குவது வீண். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகிப் போய்விடுகிறது. எனவே 48 வோல்ட் டி.சி.யிலேயே வீட்டை ஓட்டும் கருவியை உருவாக்கினார்கள். இன்வெர்ட்டர் இல்லாத அந்த முறையில் 125 வாட் பேனல் ஒன்றே ஒரு சிறு வீட்டின் விளக்குகளுக்கும் மின்விசிறிக்கும் போதும். ராஜஸ்தான் பாலைவனத்தில் கம்பி எட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளில் இது பொருத்தப்பட்டது.

2014-ல் பம்பாய் ஐ.ஐ.டி. இன்னும் சிறியதாக யோசித்தது. பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோலார் படிப்பு விளக்கு, பிள்ளை தர வேண்டியது 120 ரூபாய். கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து விளக்கைப் பூட்ட வைத்தார்கள்.

உண்மையில் எது மாறியது?

சோலார் பேனல் விலை குறைந்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சரிதான். ஆனால் மாணவனின் அறைக்குள் அதைக் கொண்டு வந்தது பேனல் மட்டும் அல்ல. விளக்கின் பசி குறைந்ததுதான் பாதிக் காரணம்!

60 வாட் குண்டு பல்ப் தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.ஈ.டி. தருகிறது. நீல நிற எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்து இதற்கு வழி செய்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 2014-ல் இந்திய அரசின் மொத்தக் கொள்முதலில் ஒரு எல்.ஈ.டி. பல்பின் விலை 310 ரூபாய். 2016-ல் அது 38 ரூபாய்!

ஒரு அறைக்குக் கணக்குப் போட்டால் இது தெளிவாகப் புரியும். 9 வாட் விளக்கு 5 மணி நேரம் எரிந்தால் 45 வாட்-மணி. செல்போனுக்கு 15. மொத்தம் 60. ஒரு நாளைக்கு நாலரை மணி நேர முழு வெயில் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 20 வாட் பேனல் 90 வாட்-மணி தரும். பேட்டரியிலும் கம்பியிலும் 30 சதவீதம் போனாலும் 63 மிச்சம். ஆக, 20 வாட் பேனல், 12 வோல்ட் 12 ஆம்பியர்-மணி பேட்டரி, ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் எல்.ஈ.டி. பல்ப் ஒன்று. இவ்வளவுதான். சுமார் 5,000 ரூபாய்க்குள் முடிகிற விஷயம். பழைய 60 வாட் பல்ப் என்றால் அதே 5 மணி நேரத்துக்கு 300 வாட்-மணி, விளக்குக்கு மட்டும் 100 வாட் பேனல் வேண்டியிருக்கும்.

சேப்பின் காலத்து விலையில் அந்த 20 வாட் பேனல் மட்டும் 5,720 டாலர். அன்றைய மதிப்பில் 27 ஆயிரம் ரூபாய்க்கு மேல்!

மின்விசிறியும் வேண்டும் என்றால் கணக்கு ஏறும். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும். புதிய பி.எல்.டி.சி. விசிறி 28 வாட்தான். அதை 8 மணி நேரம் ஓட்ட 224 வாட்-மணி. அப்போது 100 வாட் பேனலும் அதற்கேற்ற பெரிய பேட்டரியும் தேவை.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இதனால் கரண்ட் பில் குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த 20 வாட் பேனல் மாதம் முழுக்கத் தருவது இரண்டு யூனிட்தான். தமிழ்நாட்டில் 2016-லேயே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிவிட்டது. மூன்று நான்கு வருடத்தில் பேட்டரியையும் மாற்ற வேண்டி வரும். இரண்டாவது, பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கட்டாயம். கம்பிகள் உரசினால் பொறி பறக்கும். காகிதம், அட்டை, மருந்து எதுவும் அதன் அருகில் இருக்கக் கூடாது.

அப்படியென்றால் எதற்கு இந்தச் செலவு? பரீட்சைக்கு முந்தின ராத்திரி கரண்ட் போனால் அந்த மூன்று மணி நேரத்துக்கு! காமராஜர் காலத்துக் கம்பி வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. அது கைவிடும் நேரத்தில் பாடப் புத்தகம் மூடாமல் இருக்க, பகலில் திரியைக் காயவைத்த அதே வெயில் ராத்திரி மேஜை மேல் எரிகிறது. ஒரு காலத்தில் விடியும் முன் பஸ் ஏறிய பிள்ளைகளின் ஊரில், இது சின்ன விஷயம் இல்லை.